மடி வைத்துத் தைத்த காற்றுப்பை

1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இருபதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணியளவில், கொழும்பிலிருந்து வந்த இருவர் அமரும் சிறு விமானமொன்று, மன்னார்த் தீவில் கீரி என்னும் ஊருக்குத் தெற்கேயுள்ள பறத்தற் கழகத் திடலில் இறங்கியது. ஓடுபாதையின் வடகிழக்கு எல்லையில் அது நிற்கவில்லை. ஓலை வேலியை உடைத்துக்கொண்டு, மார்த்தா என்னும் பெண்ணின் கருவாட்டு வெளிக்குள் புகுந்து, மூக்கை மணலில் ஊன்றி நின்றது. விமானத்தின் முன்விசிறி முறிந்தது. தனியே ஓட்டி வந்த பல் வைத்தியர் டொக்டர் ஹுசைனின் மேலுதடு கிழிந்தது. பூசை நேரமாகையால் கருவாட்டு வெளியில் ஆள் நடமாட்டம் இருக்கவில்லை. ஆகவே வேறு எவருக்கும் தீங்கு நேரவில்லை.

அந்தத் திடலைக் கீரியார் 'பிளேன் வெளி' என்று அழைத்தனர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கழகத்தார் அதை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, பற்றைகளை வெட்டி, உருளை இழுத்துச் சமப்படுத்தியிருந்தனர். ஒரு தகரக் கொட்டகை, எரிபொருள் வைக்கும் சிறு அறை, உயரமான ஒரு கம்பம், காவலாளிக்கு இரண்டு அறை கொண்ட ஒரு வீடு, வீட்டின் பின்னே ஒரு கிணறு: திடலில் இருந்தவை இவையே. கழகத்தார் சனி, ஞாயிறுகளில் வந்தனர். வந்து, இராமர் அணைவரை பறந்து, மணல் திட்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சோறு உண்டனர். இதன் பொருள் ஊரவர்க்கு விளங்கவில்லை. "எங்கை போறாங்கள்? ஒரு இடமுமில்லை. போட்டு இஞ்சையே திரும்பி வாறாங்கள்," என்று மார்த்தா சொல்வதுண்டு. கடலுக்குப் போகிறவன் மீனோடு வருவான்; சந்தைக்குப் போகிறவன் சாமானோடு வருவான்; இவர்கள் பசியோடு மட்டும் வந்தனர்.

அந்தப் பசிக்குச் சமைத்தவள் காவலாளி லோறன்ஸின் மனைவி பிரான்சிஸ்கா. நண்டுக் கறியும் தேங்காய்ப்பால் சொதியும் குத்தரிசிச் சோறும் வைப்பாள். உறைப்பைக் குறைக்கும்படி அவர்கள் கேட்பார்கள், அவள் குறைப்பாள், பின்னர் கறி சப்பென்று இருப்பதாக அவர்களே குறை சொல்வார்கள். தையலிலும் அவள் கை நேர்த்தியானது. கீரிக் கரைவலைக்காரர் வலையின் மடியைத் தைப்பதற்கு அவளிடமே கொடுப்பர். கரைவலை பெரியது, அதன் இரு கைகளும் விரிந்து வந்து, கடைசியில் ஒரு பெரும் பையில் முடியும். அந்தப் பையே மடி. மீன் தங்குவது அதில்தான். மடியின் தையல் விட்டுப்போனால், ஊரே இழுத்த வலை வெறுமையாகக் கரை சேரும்.

லோறன்ஸ் அந்த வலையை இழுத்தவர்களில் ஒருவன். ஒருமுறை கயிறு சுற்றி, அவனுடைய வலது கையின் விரல்களைப் பெருவிரல் நீங்கலாகக் கொண்டுபோய்விட்டது. அதன் பின்னர் அவனால் கயிறு பிடிக்க முடியவில்லை. காவலாளி வேலை கிடைத்தபோது, சம்பளத்தைக் காட்டிலும் கிணறே குடும்பத்துக்குப் பெரிதாகப்பட்டது. கீரிக் கிணறுகளில் பெரும்பாலானவை உவர். பிளேன் வெளிக் கிணற்றின் தண்ணீர் நல்ல தண்ணீர். பிரான்சிஸ்கா பதினைந்து ஆண்டுகள் தலையில் குடம் சுமந்தவள். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் கிணறு போகும். பிறகு லோறன்ஸின் தமையன் வீட்டுப் பின்தாழ்வாரமும் பழைய குடமுந்தான்.

லோறன்ஸின் கடமைகள் இரண்டு. விமானம் வரும் நாள்களில் ஓடுபாதையிலிருந்து கழுதைகளை விரட்டுவது ஒன்று. மன்னாரில் கழுதைக்கு உடையவன் இல்லை. ஆகவே அதற்கு எந்த ஒழுங்கும் இல்லை. மற்றது, கம்பத்தில் காற்றுப்பையைப் பேணுவது. காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வலுவாக வீசுகிறது என்பதை மேலிருந்து பார்ப்பவருக்குக் காட்டும் துணிப்பை அது. விமானம் காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். காற்று முதுகில் தள்ளினால் ஓட்டம் நீளும், பாதை போதாது.

அவ்வாண்டு சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று கடுமையாக இருந்தது. யூன் மாத முடிவில் லோறன்ஸ் பையை இறக்கியபோது, அதன் வால்பக்கம் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. புதியது அனுப்புவதாகக் கொழும்பிலிருந்து சொன்னார்கள், அது வரவில்லை. பிரான்சிஸ்கா பழையதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடிப்பக்கத்தைக் காத்துப் பிச்சுக்கொண்டு போட்டுது," என்றாள்.

"உன்னாலை தைக்கேலுமோ?"

"இதென்ன பெரிய வேலையே? மடி தைக்கிறவளுக்கு இது ஒரு தலாணி உறை."

பாய்மரத் துணி வாங்கி, பழைய அளவிலேயே வெட்டி, வாயில் வளையத்தைப் பொருத்தி, ஒடுங்கும் முனையை இரட்டைத் தையலால் இறுக அடைத்தாள். வலைக்கும் பாய்க்கும் ஊட்டுவதுபோலப் பனிச்சங்காய்ச் சாறு ஊட்டி, மூன்று வெயிலில் காயவைத்தாள். துணி கபில நிறமாகித் தோல்போல் ஆயிற்று. பை கம்பத்தில் ஏறியது. காற்று வலுத்த நாள்களில் அது விறைத்து நின்றது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதில் குறை தெரியவில்லை.

ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி இரவு, காலம் தப்பிய மழை ஒன்று காற்றோடு பெய்தது. மறுநாள் காலை காற்றுத் தணிந்திருந்தது; ஆனால் நிற்கவில்லை. லோறன்ஸ் கழுதைகளின் பின்னே ஓடிக்கொண்டிருந்தான். தெற்கிலிருந்து வந்த டொக்டர் ஹுசைன், பை துவண்டு தொங்குவதைக் கண்டு காற்று இல்லை என்று கொண்டு, வந்த வழியே நேராக இறங்கினார். பின்னர் நடந்தது மேலே சொல்லப்பட்டது.

டொக்டரை வாங்கிலில் இருத்தி, உதட்டுக்குத் துணி கொடுத்து, மன்னார் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றிய பின்னர், லோறன்ஸ் கயிற்றை அவிழ்த்துப் பையை இறக்கினான். அது பாரமாக வந்தது. தலைகீழாக்கியபோது ஒரு வாளித் தண்ணீர் அவனுடைய காலில் ஊற்றியது.

இருவரும் அந்த ஈர மணலைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

"பை தொங்கினது இதாலைதான்," என்றாள் பிரான்சிஸ்கா.

"மழை பெய்ததுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"பழசுக்கும் மழை பெய்ததுதானே. அது ஒருநாளும் இப்பிடித் தொங்கேல்லை."

இந்தக் கேள்விக்கு விடை மறுநாள் வந்தது. கொண்டுவந்தவர் வஸீர். மன்னார்ப் பட்டினத்தில் கடை வைத்திருந்த அவர், கழகத்துக்கு எரிபொருள் கொடுப்பவர். கழகத்தின் உள்ளூர் உறுப்பினரும் அவரே. மோட்டார்க் காரை நிழலில் விட்டு, கைலேசால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன லோறன்ஸ், கருவாட்டுக்கு இப்ப பிளேன் பிடிச்சுக் கொண்டுவாறியளாம் எண்டு பட்டினம் முழுக்கச் சிரிப்பு."

"சிரிக்கட்டும் முதலாளி. எங்களுக்கெண்டால் சிரிப்பு வரேல்லை."

"டொக்டர் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறார். நேர்ஸ்மார் கிட்டப் போறாங்க இல்லை. கருவாட்டு மணம். அவர்ரை சப்பாத்தைப் பூனை ஒண்டு காவல் காக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை மிஸ் அன்ரோனெற் வாறா. விசாரணை."

மிஸ் அன்ரோனெற் கழகத்தின் செயலாளர், பறங்கியர், தாமே விமானம் ஓட்டுபவர். தந்தையார் தலைமன்னார்ப் புகையிரத நிலையத்தில் அதிபராக இருந்த காலத்தில் அங்கே வளர்ந்தமையால் தமிழ் பேசுவார். பொய் பேசுவோரிடம் இரக்கம் காட்டாதவர் என்று பெயர் பெற்றவர்.

பிரான்சிஸ்கா பையைக் கொண்டுவந்து வஸீரின் முன்னே விரித்தாள். அவர் அதன் முனையைப் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"தங்கச்சி, இதை ஏன் மூடினனீங்க?"

"மூடாமல்? அடி பிஞ்சு போச்சு. நான் போட்டன்."

"இதுக்கு அடி இல்லை, பிள்ளை. ரத்மலானை எயாப்போட்டிலை கண்டனான். ரெண்டு பக்கமும் வாய். காத்து ஒரு பக்கத்தாலை வந்து மற்றப் பக்கத்தாலை போகும்."

"போறதெண்டால் அது என்ன பை?" என்றாள் பிரான்சிஸ்கா. அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாது. ஆனால் அப்பிடித்தான்."

"கிழமைக்கு ரெண்டுதரம் வாறீங்கள். இவ்வளவு நாளும் காணேல்லையோ முதலாளி?" என்றான் லோறன்ஸ்.

"மேலை பாத்துக்கொண்டு நடந்தால் உன்ரை கழுதையளின்ரை விட்டைக்குள்ளை மிதிப்பன். நான் கீழை பாத்து நடக்கிறவன்." எழுந்து காரை நோக்கி நடந்தவர் திரும்பினார். "ஒரு கத்திரிக்கோல் போதும் லோறன்ஸ். முனையை நறுக்கிவிட்டால் பை சரியான பை. பை தொங்கினதெண்டு டொக்டர் சொல்லுறதை ஆர் நம்பப் போறாங்க?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அதை அவர் பகிடியாகச் சொன்னாரோ வேறெவ்வாறு சொன்னாரோ, லோறன்ஸ் சிரிக்கவில்லை.

கார் போயிற்று. பிரான்சிஸ்கா அடுப்பில் பிட்டுக்குழலை வைத்தாள்.

"அந்த மனுசன் சொன்னதிலை பிழையில்லை," என்றான் லோறன்ஸ்.

"எதிலை?"

"நறுக்கிறதிலை."

"நறுக்கிப்போட்டு? அண்டைக்கும் இப்பிடித்தான் இருந்ததெண்டு சொல்லுவீங்களோ?"

"சொன்னால் என்ன? டொக்டருக்கு என்ன குறை? பல்லுப் புடுங்கிறவன் பல்லுப் புடுங்கிச் சீவிப்பான். எனக்குக் கழுதை விரட்டத்தானே கை இருக்கு."

"திறந்த பையைப் பாக்காமல் இறங்கினவர் எண்டால் அந்தாளைக் கழகத்தாலை தள்ளிப்போடுவினம். இனிப் பறக்க விடாயினம்."

"விடாட்டில் போகட்டும். பறந்து எங்கை போனவர்? இஞ்சைதானே திரும்பி வந்தவர்."

"இஞ்சாருங்கோ," என்றாள் பிரான்சிஸ்கா. "மிஸ் வரட்டும். நான் தைச்சது இப்பிடி எண்டு சொல்லுவம்."

"சொல்லு. சொல்லிப்போட்டுக் குடத்தைத் தேடி வை. அண்ணன்ரை பெண்சாதி வாசலிலை நிண்டு ஆரத்தி எடுப்பாள்."

அவள் பிட்டை இறக்கினாள். இருவரும் மீன் குழம்போடு உண்டனர். பேச்சு அவ்வளவில் நின்றது. முடிவு ஒன்றும் எட்டப்படவில்லை. முடிவு எட்டாத பேச்சை முடிந்துவிட்டதாக ஆண்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

செவ்வாய்க்கிழமை பிரான்சிஸ்கா மார்த்தாவின் வெளிக்குப் போனாள். சக்கரம் ஏறிய பாய்களை மாற்றி, மண் படிந்த கருவாட்டைக் கடல்நீரில் அலசி, மீண்டும் உப்பிட்டுப் பரப்ப வேண்டியிருந்தது. அழைக்கப்படாமலே போனாள்.

"உன்ரை மனுசன்ரை பிளேன் என்ரை வாளைக் கருவாடு முழுக்க நாசமாக்கிப் போட்டுது," என்றாள் மார்த்தா.

"அது அவர்ரை பிளேனே அக்கா?"

"காவல் காக்கிறவன்ரைதானே சாமான். சரி சரி, அந்தக் கரையைப் பிடி. இறுக்கிப் பிடி. பூசைக்குப் போகாமல் இஞ்சை நிண்டிருந்தால் நானும் காய்ஞ்சிருப்பன். அந்தோனியார்தான் என்னை அண்டைக்குக் கோயிலுக்கு இழுத்தவர்."

"கொண்டுபோனது அந்தோனியாரோ, புதுச் சீலையோ?"

"ரெண்டும்," என்றாள் மார்த்தா. இருவரும் சிரித்தனர். பொழுது சாயும்வரை குனிந்து வேலை செய்தனர். பிரான்சிஸ்கா வீடு திரும்பியபோது பை மறுபடியும் கம்பத்தில் ஏறியிருந்தது. சோளகத்தில் அது மெல்ல நெளிந்து, சொல்லி வைத்தாற்போலக் காற்றின் வழியைக் காட்டியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள்.

வியாழக்கிழமை தையல் துணிகள் இருந்த அலுமாரித் தட்டில், எல்லாவற்றுக்கும் அடியில், வெட்டிய முனை அவள் கையில் தட்டுப்பட்டது. அகன்ற பக்கம் ஒரு சாண். ஒடுங்கிய பக்கத்தில் அவளுடைய இரட்டைத் தையல். லோறன்ஸ் அதைக் கடலில் எறிந்திருக்கலாம், அடுப்பில் இட்டிருக்கலாம். நல்ல துணியை எறிய அவனுக்கு மனம் வரவில்லை. அவள் அதை இருந்த இடத்திலேயே வைத்துத் தட்டைச் சாத்தினாள். அன்றும் மறுநாளும் வழக்கம்போலச் சமைத்தாள். வழக்கம்போலக் கிணற்றில் தண்ணீர் அள்ளினாள். ஆனால் ஒவ்வொருமுறையும் வாளியை மேலே கொண்டுவந்த பின்னர், சிறிது நேரம் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

சனிக்கிழமை காலை வஸீரின் காரில் மிஸ் அன்ரோனெற் வந்து சேர்ந்தார். நரைத்த கூந்தலை ஒட்ட வெட்டியிருந்தார். பின் இருக்கையிலிருந்து டொக்டர் ஹுசைன் இறங்கினார்; உதட்டில் தையல் இருந்தமையால் சொற்கள் வீங்கி வந்தன. கொட்டகையில் நான்கு கதிரைகள் போடப்பட்டன. லோறன்ஸ் அமரவில்லை.

மிஸ் முதலில் கம்பத்தடிக்குச் சென்று நெடுநேரம் மேலே பார்த்தார். திரும்பி வந்து அமர்ந்தார்.

"டொக்டர், இந்தப் பை ஒழுங்காக வேலை செய்யுது."

"இண்டைக்குச் செய்யுது, மிஸ். அண்டைக்குச் செத்த எலி மாதிரித் தொங்கினது. நான் என்ர கண்ணால பாத்தன்."

"காற்று இருந்ததோ?"

"இறங்கினாப் பிறகு இருந்தது. முதுகிலை தள்ளினது."

"இறங்கமுதல் ஒருதரம் திடலைச் சுற்றிப் பாக்கிறது கழக விதி. சுற்றினீங்களோ?"

டொக்டர் நிலத்தைப் பார்த்தார். "இல்லை. பை தொங்கினபடியாலை நேரை வந்தன்."

"பை தொங்கினது எண்டது உங்கடை சொல் மட்டும்," என்றார் மிஸ். "காற்று இருக்கேக்கை இந்தப் பை தொங்காது. பாக்காமல் இறங்கினவரை நாங்கள் வைச்சிருக்க ஏலாது, டொக்டர். அது உங்களுக்குத் தெரியும்." பின்னர் லோறன்ஸின் பக்கம் திரும்பினார். "லோறன்ஸ், அண்டைக்கும் இந்தப் பை இப்பிடியேதான் இருந்ததோ?"

வஸீர் தம் தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தை ஆராய்ந்தார்.

"ஓம், மிஸ்," என்றான் லோறன்ஸ்.

பிரான்சிஸ்கா அவ்வேளை தேநீர்த் தட்டத்தோடு வந்திருந்தாள். தட்டத்தை மேசையில் வைத்தாள். கோப்பைகளை ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தாள். சீனிப் போத்தலை மிஸ்ஸின் பக்கம் நகர்த்தினாள். பிறகு வீட்டுக்குள் சென்று, துணித் துண்டோடு திரும்பி வந்து, அதைச் சீனிப் போத்தலுக்கு அருகில் வைத்தாள்.

"இது அதின்ரை முனை, மிஸ். நான்தான் தைச்சனான். அண்டைக்கு இது பையிலை இருந்தது. மழைத் தண்ணி உள்ளுக்கை நிண்டது. டொக்டர் ஐயா சொல்லுறது சரி."

லோறன்ஸ் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மிஸ் அன்ரோனெற் துண்டை எடுத்து, உள்ளே கைவிட்டு, தையலை விரலால் தடவினார்.

"ஏன் அடைச்சனீர்?"

"பழையது அடிப்பக்கம் பிஞ்சு வந்தது. அடி காணாமல் போச்செண்டு நினைச்சன். நாங்கள் மடி தைக்கிற ஆக்கள். மடி எண்டால் பிடிச்சு வைக்க வேணும். மடியில்லாத வலையை ஆரும் கடலுக்குக் கொண்டுபோவினமோ, மிஸ்?"

"இது என்னத்தைப் பிடிக்கிறதெண்டு நினைச்சீர்?"

பிரான்சிஸ்கா சிறிது யோசித்தாள். "காத்தை," என்றாள். "காத்துப்பை எண்டுதானே சொல்லுறியள்."

டொக்டர் சிரிக்க முயன்று, உதட்டைப் பிடித்துக்கொண்டு முனகினார். மிஸ் சிரிக்கவில்லை, துண்டில் கொஞ்சம் தேநீரை ஊற்றினார். அது ஒரு சொட்டும் கசியாமல் நின்றது. எல்லாரும் அதைப் பார்த்தனர்.

"பனிச்சங்காயோ?"

"ஓம், மிஸ். கன நாள் நிக்கவேணுமெண்டு."

"நல்லாய் நிக்குது." மிஸ் தேநீரை வெளியே ஊற்றினார். "முனை வெட்டினது ஆர்?"

"நான்," என்றான் லோறன்ஸ்.

அப்போது வஸீர் தொண்டையைச் செருமினார். "வெட்டச் சொன்ன வாய் என்ர வாய், மிஸ். பகிடியாத்தான் சொன்னனான். ஆனால் சொன்னனான்."

"வாய் வெட்டாது, மிஸ்டர் வஸீர். கைதான் வெட்டும். லோறன்ஸ், தைச்சது இப்பிடி எண்டு முதலே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பன் எண்டு நினைச்சீர்?"

"வீட்டாலை எழுப்பியிருப்பியள்."

"அதுக்காகவோ பொய் சொன்னீர்?"

"கிணறு, மிஸ்," என்றான் லோறன்ஸ். "நல்ல தண்ணிக் கிணறு. வேறை ஒண்டுமில்லை."

மிஸ் அன்ரோனெற் வீட்டின் பின்பக்கம் நடந்து சென்று கிணற்றைப் பார்த்தார். வாளியில் அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். தலைமன்னாரில் வளர்ந்தவருக்கு அதைப்பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னர் காரில் ஏறினார். முடிவைக் கழகமே சொல்லும் என்றார்.

அவர்கள் போன பின்னர் லோறன்ஸ் கம்பத்தடியில் குந்தியிருந்தான். பிரான்சிஸ்கா அவனுக்குத் தேநீர் கொண்டுபோனாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றான்.

"நீங்கள் வெட்டமுதல் எனக்குச் சொன்னீங்களோ?"

அவன் தேநீரை வாங்கிக் குடித்தான். சற்றுப் பொறுத்து, "பையை இறக்கித் தரட்டோ?" என்று கேட்டான். "வெட்டின கரை பிரியுது. தைக்க வேணும்."

"இறக்குங்கோ," என்றாள்.

செப்டெம்பர் மாத நடுப்பகுதியில் வஸீர் வந்து கழகத்தின் தீர்மானத்தைத் தெரிவித்தார். திடலைச் சுற்றிப் பாராமல் இறங்கிய குற்றத்துக்காக டொக்டர் ஹுசைன் அவ்வாண்டு முடியும்வரை பறத்தலாகாது. ஆனால் அவர் உறுப்பினராக நீடிப்பார். மார்த்தாவின் கருவாட்டுக்கும் வேலிக்கும் உரிய நட்டத்தைக் கழகம் கொடுக்கும். காற்றுப்பையை இனிமேல் பிரான்சிஸ்காவே தைப்பாள். துணியும் பனிச்சங்காய்ச் சாறும் முன்போலவே இருக்கலாம். முனை மட்டும் திறந்திருக்க வேண்டும். விசாரணையில் பொய் சொன்னமைக்காக லோறன்ஸ் காவலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டான். அந்த வேலை, அதற்குரிய சம்பளத்தோடும் வீட்டோடும் கிணற்றோடும், அன்றுமுதல் பிரான்சிஸ்காவுக்குக் கொடுக்கப்பட்டது. கழுதைகளை யார் விரட்டுவது என்பதைப்பற்றித் தீர்மானத்தில் எதுவும் சொல்லப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் லோறன்ஸ் தடியை எடுத்துக்கொண்டு தானாகவே புறப்பட்டான்.